குறி கலையாமல்

“விலகுறீங்களா மங்கை, நிக்குறீங்களா?” என்று ஃபெலிக்ஸ் கேட்டான். ஒரு வார்த்தையில் முடிந்துபோகிற கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணபதியில் அவனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசை, மேசைமேல் கட்டம் போட்ட சார்ட் பேப்பர், பேப்பரின்மேல் தண்ணீர் பாட்டிலின் நீல மூடி ஒன்று. அந்த மூடிதான் மங்கை. மங்கை என்றால் மங்கையர்க்கரசி இல்லை, ஆட்டத்தில் அவளுடைய ஆளான கொடுக்கன். படையை விட்டு ஓடிவந்த வில்லாளி, யாரோடும் ஒத்துப்போகாதவன், குழம்பில் உப்பு குறைந்தால்கூடச் சண்டைக்கு நிற்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால், ‘உங்க ஆள் எப்படிப்பட்டவன்னு சொல்லுங்க’ என்று ஃபெலிக்ஸ் கேட்டபோது, ஆபீஸில் எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டிச் சலித்திருந்த எரிச்சலில் அவள் உண்டாக்கிய ஆள். ஃபெலிக்ஸ் கதையைச் சொல்லிக்கொண்டே போவான், மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கு இவ்வளவு வயசானவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டுமா என்று கேட்டால் பதில் கிடையாது. இன்றைக்கு இடிந்த கோட்டை, கவிழ்த்துவைத்த டம்ளர்தான் கோபுரம், டம்ளர்மேல் சதுரங்க ராணி நின்று மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மந்திரம் முடிவதற்குள் அவளை வீழ்த்த வேண்டும். சுற்றிலும் புளியங்கொட்டைகள், அதெல்லாம் அவளுடைய ஈட்டிக்காரர்கள். அதில் ஒரு புளியங்கொட்டையைத்தான் ஃபெலிக்ஸ் இப்போது நீல மூடிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருக்கிறான்.

விலகுவதா, நிற்பதா. விதி ஒன்றும் பெரிய சிக்கலானதில்லை. வில்லாளி ஒரு சுற்று எதுவும் செய்யாமல் குறி பார்த்துக்கொண்டு நின்றால் அம்பு தைக்கிற வாய்ப்பு கொஞ்சம் ஏறும். அடுத்த சுற்றும் நின்றால் இன்னும் கொஞ்சம். ஆனால் எதிரி என்ன வேடிக்கையா பார்த்துக்கொண்டிருப்பான், அசையாமல் நிற்கிறவனைத் தேடி வந்து அடிப்பான். அப்போது விலகலாம், விலகினால் உடம்பு தப்பும், குறி கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இல்லாவிட்டால் விலகாமல் நின்று அடியை வாங்கிக்கொள்ளலாம். உயிர்ப் புள்ளி குறையும், அதன்பிறகு மனத்திடத்துக்கென்று ஒரு பகடை எறிய வேண்டும், அதில் தேறினால் குறி கலையாமல் நிற்கும். தேறாவிட்டால் அடி பட்டதுதான் மிச்சம். கொடுக்கன் ஏழு சுற்றாக நிற்கிறான். வாங்காத அடி இல்லை. ஒவ்வொரு தடவையும் ‘திடம் எறிங்க’ என்பான் ஃபெலிக்ஸ், ஒவ்வொரு தடவையும் எப்படியோ தேறிவிட்டாள். குறி பார்க்கிறவர் எய்கிற பகடையை வலது கைக்குள் மூடியே வைத்திருக்க வேண்டும், மேசையில் வைத்தால் குறி கலைந்ததாகக் கணக்கு, இது விதிப் புத்தகத்தில் இல்லாதது, இந்த மேசையில் விளையாட்டாகத் தொடங்கிச் சட்டமாகிப்போனது. அதனால் அவள் முன்னால் வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போய்க் கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் திரு நடுவில் ஒன்றைப் பிட்டு அவள் வாயருகே நீட்டினான், ‘ஆரம்பிச்சுட்டாங்கப்பா’ என்று ஃபெலிக்ஸ் கிண்டலடித்தான், அவள் போதும் என்று தலையசைத்துவிட்டாள். பகடை உள்ளங்கையில் வியர்த்து வழுக்குகிறது. அதன் முனை ஒன்று ஆயுள்ரேகையில் அழுந்திக்கொண்டே இருக்கிறது.

கையை இறுக்கி மூடிக்கோங்க, என்று நர்ஸ் சொல்வாள். மூடினால் நரம்பு தெரியும். கண்டிப்பானவள், ஆனால் கை மிருதுவானது, போன தடவை போனபோது ‘வந்துட்டீங்களாக்கா’ என்று சொந்தக்காரியைக் கேட்பதுபோலக் கேட்டாள். அதைக் கேட்டுத்தான் மங்கைக்குப் பயமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நம்மை அடையாளம் தெரிகிற அளவுக்குப் போய்விட்டோமா. நாளைக்குக் காலையில் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அடுத்த தடவைக்கு வருகிறோமா இல்லையா என்று. குழந்தைக்காக ஐந்து தடவை ஆயிற்று. ஆறாவதற்கு மருந்து ஆரம்பிப்பதானால் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும். காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே ‘நாளைக்கு என்ன சொல்றது?’ என்று கேட்டாள். திரு பேப்பரை மடித்துவிட்டு, ‘உன் இஷ்டம் மங்கை’ என்றான். ‘உனக்கு எப்படித் தோணுது?’ என்றாள். ‘நீ எப்படிச் சொல்றியோ அப்படி’ என்றான். ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் அப்படியொரு அக்கறை, உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே பன்னிரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. சினிமாவுக்குப் போவதென்றாலும் இதுதான், கடைசியில் இரண்டு பேருக்கும் பிடிக்காத படத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அவன் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஐஸ் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். வயிற்றில் ஊசி போடுகிற இடத்தில் முதலில் ஐஸ் வைப்பான், மரத்துப்போனதும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிப் போடறேன், அசையாத’ என்பான், ஆனால் இரண்டிலேயே போட்டுவிடுவான், மூன்றுக்குக் காத்திருந்தால் அவள் உடம்பை இறுக்கிக்கொள்வாள் என்று. நல்ல மனுஷன். இப்படி நல்ல மனுஷனாக இல்லாவிட்டால் எப்போதோ முடியாது என்று சொல்லியிருப்பாள்.

“இல்ல ஃபெலிக்ஸ், நீங்களே படிச்சுப் பாருங்க” என்று நஸ்ரின் புத்தகத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஃபெலிக்ஸின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், போன மாதம்தான் ஆட்டத்துக்கு வந்தாள், வந்தவள் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள், ஸ்பைரல் போட்ட அந்த ஜெராக்ஸ் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். “குறி பார்த்தா மூணு சுத்து வரைக்கும்தான் ஏறும். அதுக்கு மேல எத்தனை சுத்து நின்னாலும் ஏறாதுன்னு தெளிவா போட்டிருக்கு.” ஃபெலிக்ஸ் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான், இரண்டு தடவை படித்தான். நாலு வருஷமாக இந்த மேசையில் நின்றவனுக்கு நிற்க நிற்க ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஏறும் என்று முதல்நாள் யார் சொன்னது என்பதுகூட இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏறுமென்று நம்பித்தான் எத்தனை ஆட்கள் நின்று அடிவாங்கிச் செத்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றியெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டு டீ குடித்திருக்கிறார்கள். “அப்போ மங்கைக்கா நாலு சுத்தா சும்மாவே அடி வாங்கிட்டு நிக்கறாங்க” என்றாள் நஸ்ரின். பாவம், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். மங்கைக்குக் காது அடைத்துக்கொண்டது மிக்ஸியால் இல்லை.

டாக்டரம்மாவும் மூன்றாவதற்குப் பிறகுதான் சொன்னார். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர், அன்றைக்குப் பேனா மூடியைப் பார்த்துச் சொன்னார், ‘மூணு தடவை பாத்தாச்சு. இன்னும் பண்ணலாம், வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா வாய்ப்பு இதுக்கு மேல ஏறாதும்மா. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.’ ரெண்டு பேரும் பேசி. லிஃப்டில் இறங்கும்போது பேசவில்லை. லிஃப்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள், நிறைமாசமாக ஒரு பெண், அவளுடைய அம்மா. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தார்கள். ‘இஞ்சி போடட்டுமாங்க்கா’ என்று கடைக்காரர் கேட்டதற்குப் போடுங்க என்றாள், அன்றைக்கு முழுக்க அவள் உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். திரு கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘பாத்துக்கலாம்’ என்றான். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம். விடமாட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காத மாதிரி நடிக்கிறான், அவ்வளவு ஆசை, அந்த ஆசைமேல் மண்ணை அள்ளிப்போட நான் யார். சரி என்று அவளும் காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டாள். பைக்கில் வரும்போது அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். சட்டை நனைந்ததை வியர்வை என்று நினைத்திருப்பான்.

நாலாவது தடவை கரு நின்றது. அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள், நினைக்கக் கூடாது என்கிறபோதே நினைப்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது என்று வந்துவிட்டது. கொஞ்ச நாள்தான், அந்தக் கொஞ்ச நாளும் திரு காரை எப்படி ஓட்டினான். சத்தி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பின்சக்கரத்தை ஏற்றி, இறக்கி. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டித் தீர்த்தார்கள், அவன் கண்ணாடியில் பார்த்துக் கும்பிடு போட்டான். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் ஆபீஸில், மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவளுக்கு அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அது என்ன என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் மீட்டிங் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. எழுந்தால்தானே நடந்ததாக ஆகும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் கலையாது என்று நினைத்தாள், ஆமாம், அப்படித்தான் நினைத்தாள், படித்தவள், ஒரு டீமையே நடத்துகிறவள், நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திடம் எறி, திடம் எறி என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போதும் திரு வேகத்தடையில் நிறுத்தி நிதானமாக ஏற்றி இறக்கினான். பழக்கதோஷம். அதற்கப்புறமும் ரொம்ப நாள் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தான், இனி வேண்டியதில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வாள்.

“இன்னைக்கு மட்டும் பழைய மாதிரியே வெச்சுக்கலாம்” என்றான் ஃபெலிக்ஸ், “ஏழு சுத்து நின்னவங்ககிட்ட திடீர்னு விதி மாத்தினா பாவம்ல. அடுத்த வாரத்திலிருந்து சரியா ஆடலாம்.” “அதெப்படி” என்றாள் நஸ்ரின், “ஏறாதுன்னா ஏறாதுதானே. நாம ஏறுதுன்னு சொல்லிக்கிட்டா ஏறிடுமா?” அவர்கள் பேசுவது எங்கோ அடுத்த அறையில் பேசுவதுபோல இருந்தது. மங்கை கேரம் காயைப் பார்த்தாள். கறுப்புக் காய், அதுதான் திரு. கேடயக்காரன். கேடயம் வைத்திருக்கிறவன் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு வருகிற அடியைக் குறுக்கே போய்த் தான் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மூன்று சுற்று அப்படி வாங்கிவிட்டான். ‘நான் குறுக்க வர்றேன்’ என்பான், பகடையை எறிவான், ஃபெலிக்ஸ் புள்ளியைக் குறைப்பான். இப்போது அவனிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு புள்ளி. அவள் விலகிவிட்டால் அவன் வாங்கிய அடியெல்லாம் தண்டம். அதனால்தானே அவள் நிற்கிறாள். அவளுக்காக அவன், அவனுக்காக அவள், அந்த ராணி பாட்டுக்கு டம்ளர்மேல் நின்று மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உடுமலையிலிருந்து அத்தை, திருவின் அம்மா, தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார், ‘என்ன கண்ணு, சாப்புட்டியா, ஒடம்பு பரவாயில்லியா’ என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்காமல் இருக்க அவர் படுகிற பாடு போனிலேயே தெரியும். ஒருதடவை அவர் கேட்டுத் தொலைத்திருந்தால், சண்டை பிடித்திருந்தால், அந்தக் கோபத்திலாவது நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் நல்லவர்களாக இருந்தே அவளை நிற்க வைத்துவிட்டார்கள். விலகினால் என்ன ஆகும். திரு ஒன்றும் சொல்லமாட்டான். ஐஸ் தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவான். அப்புறம் ஆயுசுக்கும் அவளை அதிகமாகக் கவனித்துக்கொள்வான், தெருவில் குழந்தைகள் வந்தால் பேச்சை மாற்றுவான். ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டு அழுவான், அவளுக்குக் கேட்கக் கூடாது என்று தலையணைக்குள் அழுவான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டும். அதைவிட ஊசி தேவலை என்றுதான் நாலாவதற்குப் போனாள், அதைவிட ஊசி தேவலை என்றுதான் ஐந்தாவதற்கும் போனாள்.

“மங்கைக்கா?” என்றாள் நஸ்ரின். “மாப்ள, நீயாவது சொல்லேன்டா, அவங்க பாட்டுக்கு எங்கயோ போயிட்டாங்க” என்றான் ஃபெலிக்ஸ். திரு அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். “உன் இஷ்டம் மங்கை” என்றான். காலையில் சொன்ன அதே குரல். அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று அவள் பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறாள், ஒரு பக்கம் சாயாமல் அப்படிச் சொல்ல எங்கேதான் கற்றுக்கொண்டானோ. ‘நில்லு’ என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். ‘விலகு’ என்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். உள்ளங்கையில் பகடை முனை அழுந்திய இடம் வலித்தது. அதுவரைக்கும் அது வலி என்றே தோன்றவில்லை, இப்போது திடீரென்று அந்தச் சின்ன வலி தாங்க முடியாததாகிவிட்டது. அந்த ஊசிகளெல்லாம் வலித்தன. ஐஸ் வைத்தாலும் வலித்தன. இரண்டில் போட்டாலும் மூன்றில் போட்டாலும் வலித்தன. அந்த மீட்டிங் வலித்தது. வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் குறி கலைந்துவிடும். அவளுக்கு இனிமேல் முடியாது. அவனுடைய மனசு உடைந்தால் உடையட்டும், சேர்ந்து உட்கார்ந்து அழலாம், முதுகைப் பார்த்தே ஓட்டலாம், ஆனால் இன்னொரு தடவை இந்த உடம்பால் நிற்க முடியாது.

“விலகுறேன்” என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் திறந்து பகடையை மேசையில் வைத்தாள். வைக்கும்போது விரல்கள் உடனே நிமிரவில்லை. “நாளைக்கும் அதேதான் திரு. நாளைக்கும் நான் அதேதான் சொல்லப் போறேன்” என்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கேரம் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. திருவின் மூச்சுகள் எல்லாம் அவளுக்குத் தெரியும், கோபத்தில் விடுவது, தூக்கத்தில் விடுவது, பொய்யாகச் சிரிக்கும்முன் இழுப்பது. இது சிலிண்டரை மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து சமையலறையில் இறக்கி வைத்ததும் விடுகிற மூச்சு. துக்கமே இல்லை அதில். அவளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் தோள்கள் இரண்டும் இறங்கியிருந்தன, அந்தத் தோள்கள் இப்படி இறங்கி அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

“எப்ப இருந்து?” என்று கேட்டாள்.

“மூணாவதுக்கு அப்புறம்” என்றான் திரு. “நீதான் நின்னுட்டிருந்தியே மங்கை. நீ நிக்கும்போது நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?”

அந்த இரண்டு தடவை. அந்த நாற்காலி விளிம்பு, அந்த வேகத்தடைகள், அதற்கப்புறம் இன்னொரு முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து. யாருக்காக என்று அவளால் கேட்க முடியவில்லை. அவன் மேசைக்கடியில் அவள் வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான், உள்ளங்கைப் பள்ளத்தில் அவன் விரல் பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சத்தம் வராமல் வந்தது. நஸ்ரின் பஜ்ஜித் தட்டை எல்லோர் பக்கமும் தள்ளினாள்.

“அதான் நானும் சொல்றேன்” என்றான் ஃபெலிக்ஸ், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. “மூணாவது சுத்துலயே விலகியிருந்தா ரெண்டு பேருக்கும் இவ்வளவு அடி பட்டிருக்காது. தப்பு நம்ம எல்லார் மேலயும்தான், யாருமே அந்தப் பக்கத்தைப் படிக்கல.”

ஆமாம் என்று மங்கை தலையாட்டினாள்.